வெளிநாட்டில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) போட நினைக்கும் பிள்ளைகளுக்கு, காரைக்குடியிலிருந்து

எங்கள் அப்பாவைப் பெற்ற ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனவர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடைசியில் ஒரு கடைக்கு மேலாளாக இருந்தார். 1942இல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும், கணக்கு ஏடுகளில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அரக்கான் வழியாக நடந்தே கிளம்பினார். 1948இல் அங்கே விவசாய நிலத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. இருபது வருடம் உழைத்த ஊரில் தங்கியிருக்க அவர் கையில் ஓர் எழுத்தும் இல்லை.

அதனால் என் மகள், "அம்மா, வெளிநாட்டில் வேலை விசா கிடைக்கும்போல இருக்கு" என்று சொன்னபோது நான் முதலில் கேட்டது இதைத்தான்: அந்த வேலை போய்விட்டால் நீ அந்த ஊரில் இருக்கலாமா? வேலை விசா என்றால் பெரும்பாலும் கம்பெனியோடு கட்டிப்போட்ட கயிறு. பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை உங்கள் பெயரிலேயே இருக்கும். கம்பெனி மாறலாம், ஊர் மாறலாம், ஆறு மாதம் வேலையில்லாமலும் இருக்கலாம். வேலை போனதற்காக யாரும் பெட்டியைக் கட்டச் சொல்ல முடியாது.

நான் காரைக்குடியில் ஒரு பேங்க்கில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகள் ஃபைலை 2022 கடைசியில் ஆரம்பித்து இரண்டு வருடம் கூடவே இருந்து முடித்தோம். அதற்குப் பிறகு பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று தெரிந்த பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். மகள் போனது கனடாவுக்கு என்பதால் அதைத்தான் நிறையச் சொல்வேன்.

முதலில் இங்கிலீஷ் பரீட்சை

கனடாவில் படித்த, அனுபவமுள்ள ஆட்களை எடுப்பதற்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று ஒரு முறை 2015 ஜனவரியிலிருந்து நடக்கிறது. வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் பாயிண்ட் போட்டு, 1200க்கு எத்தனை என்று வரிசைப்படுத்துவார்கள். அவ்வப்போது ஒரு சுற்று நடத்தி, மேலே இருப்பவர்களுக்கு அழைப்பு அனுப்புவார்கள். வெளியிலிருந்து போடுகிறவர்களுக்கு இதற்கு முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறது. அது தனியாக 100க்குப் போடும் கணக்கு, அதில் 67 வர வேண்டும். இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எல்லோரும் டிகிரி சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். நான் சொல்வது, முதலில் மொழிப் பரீட்சை. ஏன் என்று எங்கள் கணக்கை வைத்தே காட்டுகிறேன்.

மகள் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், மூன்று வருடத்துக்கு மேல் அனுபவம், கல்யாணம் ஆனவள், அப்போது வயது 30. முதல் தடவை ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் பரீட்சையில் ஜெனரல் பிரிவு எழுதியதில் பேசுவது, படிப்பது, எழுதுவது மூன்றிலும் 7. கேட்பதில் மட்டும் 7.5. நல்ல மார்க்தானே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கனடாக்காரர்கள் ஐ.இ.எல்.டி.எஸ். மார்க்கைத் தங்கள் அளவுகோலுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அதில் 9ஆம் நிலை வர, கேட்பதில் 8 வேண்டும், மற்ற மூன்றிலும் 7 போதும். அரை மார்க் குறைந்ததால் அவளுக்கு வந்தது 374. இரண்டு மாதம் தினமும் காதில் மாட்டிக்கொண்டு பயிற்சி எடுத்து மறுபடி எழுதினாள், 8 வந்தது. பாயிண்ட் 418 ஆனது. அரை மார்க்குக்கு 44 பாயிண்ட்! மொழிக்கு நேரடியாக 7, நான்கிலும் 9ஆம் நிலை இருந்தால் படிப்போடு சேர்த்துக் கொடுப்பதில் 12, வேலை அனுபவத்தோடு சேர்த்துக் கொடுப்பதில் 25. இதைத் தெரியாமல் 7.5இல் திருப்திப்பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் ஜெனரல்தான் எழுத வேண்டும், அகாடமிக் எழுதினால் செல்லாது. ரிசல்ட் இரண்டு வருடம்தான் செல்லும்.

வயது இன்னொரு பக்கம் கழித்துக்கொண்டே இருக்கும். 29 வரைக்கும் முழுப் பாயிண்ட். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஏறக்குறைய ஐந்து ஐந்தாகக் குறையும், 40க்கு மேல் பத்து பத்தாக. 45இல் பூஜ்யம். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், வீட்டு மராமத்து முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கல்யாணமானவர்கள் கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை பெயரில்தான் போட வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார்கள். போட்டுப் பார்த்தால் மகள் பெயரில் அதிகம் வந்தது. மாப்பிள்ளை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, அன்றைக்கே அவள் பெயருக்கு மாற்றிவிட்டார். இந்த விஷயத்தில் கௌரவம் பார்த்து வாய்ப்பை விட்ட வீடுகளும் எனக்குத் தெரியும்.

சரி, 418 போதுமா? போதாது. அப்போது பொதுச் சுற்றுகள் 480க்கு மேலேயே நின்றன. இந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் உங்களை நியமித்தால் 600 பாயிண்ட் சேரும், அழைப்பு கிட்டத்தட்ட நிச்சயம். ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வேண்டிய தொழில் பட்டியலை வைத்திருக்கும், அது அடிக்கடி மாறும். இன்னொன்று, 2023இலிருந்து நடக்கும் தனிப்பிரிவுச் சுற்றுகள். மருத்துவத் துறை, எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற தொழில்கள், பிரெஞ்சு தெரிந்தவர்கள் என்று தனித்தனியாகக் கூப்பிடுகிறார்கள்.

மகள் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு ஆன்லைன் வகுப்பு. ஊருக்கு வந்தால் வீட்டுக் கூடமான பட்டாலையில் நடந்துகொண்டே வினைச்சொற்களை ஒப்பிப்பாள், ஆச்சிமார் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பதினான்கு மாதம் விடாமல் படித்தாள். பரீட்சையில் நான்கு பகுதியிலும் 7ஆம் நிலை வந்தது. இரண்டாவது மொழிக்கு 12, பிரெஞ்சுக்கென்று தனியாக 50, ஆக 62. நடுவில் ஒரு பிறந்த நாள் வந்து 5 போனது. மொத்தம் 475. 2024 பிப்ரவரி கடைசியில் பொதுச் சுற்று 534இல் நின்றது, அதற்கு மறுநாள் நடந்த பிரெஞ்சுச் சுற்று 336 வரைக்கும் இறங்கியது. அந்தச் சுற்றில்தான் அவளுக்கு அழைப்பு வந்தது. கஷ்டமான வழிதான். ஆனால் நம் பிள்ளைகள் ஏற்கெனவே இரண்டு மொழியில் புழங்குகிறவர்கள், மூன்றாவதுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பெயர், இனிஷியல்

அழைப்பு வந்தபின் 60 நாள்தான். அதற்குள் எல்லாக் காகிதமும் ஏற்ற வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு முதல் முட்டுக்கட்டை பெயர். இங்கே இனிஷியல் ஓர் எழுத்தில் நிற்காது. பழ., ராம., சுப., அரு. என்று இருக்கும். ஆங்கிலத்தில் பி.எல்., ஆர்.எம்., எஸ்.பி., ஏ.ஆர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், டிகிரியில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வேறு விதமாக. வெளிநாட்டு அதிகாரிக்கு இவை நாலு ஆட்கள். ஆர்.எம். என்பது ராமநாதன் என்ற ஒரே பெயர்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட் பெயரையே அடிப்படையாக வையுங்கள். மொழிப் பரீட்சைக்குப் பதிவு செய்வதும் அதே பெயரில். மற்ற காகிதங்களில் இருக்கும் வடிவங்களை எல்லாம் குறிப்பிட்டு, இவை அனைத்தும் ஒரே நபரைக் குறிக்கின்றன என்று முத்திரைத்தாளில் ஒரு அஃபிடவிட் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் வந்தால் அப்போதே குடும்பப் பெயர் கட்டத்தையும் சொந்தப் பெயர் கட்டத்தையும் சரியாக நிரப்பிவிடுவது இன்னும் நல்லது.

கல்யாணத்துக்கும் இதே கதை. நம்மிடம் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதி இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டிருப்போம். எனக்கு அதைவிட மதிப்பான காகிதம் கிடையாது. ஆனால் விசாவுக்கு ரெஜிஸ்தர் ஆபீஸ் சான்றிதழ்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிய வேண்டும். கல்யாணமாகி 90 நாளுக்குள் பதிந்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை. தமிழில் இருக்கும் எந்தக் காகிதத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு வைக்க வேண்டும்.

பேங்க் லெட்டர்

இதை நான் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கனடாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் அங்கே போய் இறங்கியதும் சமாளிக்கப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2025 ஜூலையில் சொன்ன கணக்குப்படி ஒருவருக்கு 15,263 கனடிய டாலர், இருவருக்கு 19,001, நால்வருக்கு 28,362. வருடா வருடம் இது மாறும். பையன்கள் கடைசி வாரத்தில் வந்து, "மேடம், பேலன்ஸ் சர்டிபிகேட் ஒண்ணு வேணும்" என்பார்கள். அது போதாது. லெட்டர்ஹெட்டில், பேங்க் விலாசம், போன் நம்பரோடு, உங்கள் ஒவ்வொரு கணக்கின் எண், அதை ஆரம்பித்த தேதி, இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு, உங்கள் பெயரில் இருக்கும் கடன் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். நம் பேங்க்குகளில் இதற்கு அச்சடித்த படிவம் இருக்காது. நீங்களே ஒரு மாதிரிக் கடிதம் டைப் செய்து எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் பொறுமையாக விளக்குங்கள். கூட்டமான நாளில் போகாதீர்கள்.

அந்த ஆறு மாதச் சராசரியில்தான் பலர் மாட்டுகிறார்கள். போன வாரம் சித்தப்பா கணக்கிலிருந்து பத்து லட்சம் வந்து விழுந்திருந்தால் சராசரி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கைமாற்று வாங்கி வைப்பது கூடாது, அது கடன். அப்பா, அம்மா உண்மையிலேயே கொடுக்கிறார்கள் என்றால், திருப்பித் தர வேண்டாம் என்று எழுதிய கொடைப் பத்திரமும், அந்தப் பணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரமும் வையுங்கள். ஃபிக்ஸட் டெபாசிட் செல்லும்.

நம் பக்கத்தில் சொத்து முழுக்க வீட்டிலும் நகையிலும் இருக்கும். வளவு வீட்டில் பதினான்கு பங்காளிகளில் ஒருவராக உங்களுக்கு இருக்கும் பங்கு இந்தக் கணக்கில் வராது. லாக்கரில் இருக்கும் நகையும் வராது. நகையை அடகு வைத்து எடுத்த பணமும் கடன்தான். விற்பதாக முடிவு செய்தால், ஆறு மாதத்துக்கு முன்னாலேயே விற்று, ரசீதைப் பத்திரமாக வைத்து, பணத்தைக் கணக்கில் போட்டுவிடுங்கள். என் மகள் அவள் சீர் வெள்ளிச் சாமானைத் தொடவில்லை. நான் என் ஓய்வுப் பணத்திலிருந்து கொடைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன்.

மீதிக் காகிதங்கள்

டிகிரியை கனடா அளவுக்கு மதிப்பிட்டு வாங்க வேண்டும். டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. பல்கலைக்கழகமே நேரடியாக டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டும் என்பதால் இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். மொழிப் பரீட்சைக்குப் படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வந்தபின் ஐந்து வருடம் செல்லும்.

வேலைக் கடிதம்தான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. "இவர் இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதி வரை பணியாற்றினார், நன்னடத்தை" என்று நம் ஊரில் கொடுக்கும் அனுபவச் சான்றிதழ் போதாது. பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். கனடா ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது, அந்த வேலைகள் நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணின் விவரத்தோடு பொருந்த வேண்டும். எலக்ட்ரிக்கல் இன்ஜினியருக்கு அந்த எண் 21310. மகளின் பழைய கம்பெனி ஒன்று, வேலை விவரம் எழுதித் தருவது எங்கள் வழக்கமில்லை என்று கையை விரித்துவிட்டது. 60 நாளில் 20 நாள் அதிலேயே போனது. கடைசியில் சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக், கூட வேலை பார்த்த மேலதிகாரி ஒருவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி, ஏன் கம்பெனி கடிதம் இல்லை என்ற விளக்கம் எல்லாம் சேர்த்து வைத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் ஒரு வேலையை விடும்போதே இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கடந்த பத்து வருடத்தை மாதம் விடாமல் எழுதச் சொல்வார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதங்களையும் அப்படியே எழுதுங்கள். ஒரு மாதம் இடைவெளி விட்டாலும் ஃபைல் திரும்பும். நான் ஒரு பழைய பேரேட்டை எடுத்து, ஒரு பக்கம் தேதி, மறு பக்கம் அதற்கான காகிதம் என்று எழுதி டிக் போட்டேன். படிவத்தில் ஒரு தேதி, கடிதத்தில் வேறு தேதி என்று இருந்ததை மூன்று இடத்தில் அந்தப் பேரேடுதான் பிடித்தது.

போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா மூலம். சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை, புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களுக்குத் திருச்சி. பத்து வருடத்துக்குள் வேறு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இரண்டு வருடம் இருந்தவர், அவருக்குக் கைரேகை வைத்து அங்கிருந்து வாங்கினோம்.

ஏஜென்ட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வேலை ஆஃபர் வாங்கித் தருகிறேன், அதற்கு இத்தனை பாயிண்ட் வரும் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை ஆஃபருக்குக் கொடுத்த கூடுதல் பாயிண்டை கனடா 2025 மார்ச்சில் எடுத்தே விட்டது. எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு, அவனுக்கே முழுசாகத் தெரியாமல் ஒரு போலி அனுபவக் கடிதம் வைத்து ஃபைல் போட்டார்கள். ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாதபடி தடை வந்தது. அவன் அம்மா என்னிடம் வந்து அழுததை மறக்க முடியவில்லை. உதவி வேண்டுமென்றால் உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். நான் யாரிடமும் காசு வாங்குவதில்லை, காசுக்கு ஆலோசனை சொல்ல அந்த உரிமம் வேண்டும்.

மற்ற நாடுகள்

தங்கச்சி மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போட்டான். அங்கே 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 பாயிண்ட். அங்கே விசாக்களை எண்ணால்தான் சொல்வார்கள்: 189 என்பது யார் தயவும் இல்லாமல் நேராக பி.ஆர்., 190 மாநிலம் நியமிப்பது. 491 என்பது சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளில் ஐந்து வருடம் இருக்க விசா, மூன்று வருடம் முடிந்தபின் 191இல் பி.ஆர். கேட்கலாம். அவன் சிவில் இன்ஜினியர், வயது 28. வயதுக்கு 30, இங்கிலீஷுக்கு 20, டிகிரிக்கு 15, அனுபவத்துக்கு 5, கல்யாணம் ஆகாததற்கு 10. மொத்தம் 80.

இங்கே நமக்கென்றே ஓர் ஐந்து பாயிண்ட் இருக்கிறது. நாட்டி என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பாளர் தகுதி அமைப்பு நடத்தும் சி.சி.எல். என்ற மொழிபெயர்ப்புப் பரீட்சை தமிழிலும் உண்டு. ஆங்கிலத்தில் ஒருவர், தமிழில் ஒருவர் பேசுவார்கள், நடுவில் நீங்கள் மாற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு உரையாடல், ஒவ்வொன்றுக்கும் 45 மார்க். ஒவ்வொன்றிலும் 29, மொத்தத்தில் 90க்கு 63 எடுத்தால் பாஸ். ஆஸ்பத்திரி, வக்கீல், பேங்க் விஷயங்கள் வரும். தமிழ்தானே என்று போனால் தடுமாறும். அவன் ராத்திரி போன் செய்து, "பெரியம்மா, மார்ட்கேஜுக்கு என்ன?" என்பான். அடமானம். கேரன்டர்? பிணையாளர். இப்படி ஒரு மாதம் இருவரும் பேசினோம். பாஸ் பண்ணி 85 ஆனது, 491க்கு 15 சேர்ந்து 100. இப்போது அடிலெய்டில் இருக்கிறான். அவனுடைய இன்ஜினியர் தகுதிக்கு மூன்று வேலை அனுபவங்களை விரிவாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இதை எழுதித் தர ஆட்கள் உண்டு, வாங்காதீர்கள், காப்பி என்று கண்டுபிடித்தால் தடை போடுவார்கள்.

ஜெர்மனிக்கு வேலையோடு, படித்தவர்களுக்குக் கொடுக்கும் நீல அட்டை என்ற வேலை அனுமதியில் போனால், கொஞ்சம் ஜெர்மன் தெரிந்திருந்தால் 27 மாதத்தில், பி1 என்ற நடுத்தர அளவு தெரிந்திருந்தால் 21 மாதத்தில் நிரந்தர உரிமை கேட்கலாம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் படித்து பேட்டரித் துறையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் நமக்கு, செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் காலத்து ஊர். அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் போன்ற வேலை அனுமதியில் வேலை பார்த்துக்கொண்டுதான் பெரும்பாலும் பி.ஆர். கேட்க முடியும். உங்களோடு பி.ஆர். வாங்கும் மகனுக்கு தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணி உண்டு என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வேலைவழி கிரீன் கார்டுக்கு ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பு. அதனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை மிக நீளம். ஆனால் கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் இருவரும் சேரலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

பி.ஆர். வந்தபின்னும் ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவில் ஐந்து வருடத்துக்கு 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும், குடியுரிமைக்கு 1095 நாள். மகள் ஒட்டாவாவில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறாள். கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, விமான எண், போர்டிங் பாஸ் ஒட்டியிருக்கும். கடைசியாக எழுதியது பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கு வந்து போன 19 நாள்.